குரல் மட்டும் கேட்கும் பறவைக்குத் தூரம் கணிப்பது எப்படி?

பறவைக் கணக்கெடுப்புப் பயிற்சியில் இருக்கிறேன். இடம் அடர்ந்த காடு, பாதி சரிவு. ஒரு புள்ளியில் 10 நிமிடம் நின்று, பார்த்த, கேட்ட பறவைகளைத் தூரத்தோடு குறிக்க வேண்டும். கண்ணில் படுபவை பிரச்சினையில்லை. குரல் மட்டும் கேட்பவைதான் பாடாய்ப் படுத்துகின்றன. ஒரே கூவலுக்கு நான் 40 மீட்டர் என்று எழுத, பக்கத்தில் நிற்கும் தோழி 70 என்கிறாள். பறவை நம் பக்கம் திரும்பிக் கூவினால் கிட்டே இருப்பதுபோலவும், அந்தப் பக்கம் திரும்பினால் எங்கோ போய்விட்டதுபோலவும் இருக்கிறது. தாளைப் புரட்டினால் 10, 20, 50 என்று முழு எண்களே குவிந்து கிடக்கின்றன.

லேசர் தூரமானி முன்னால் உள்ள இலையில் பட்டு 6 மீட்டர் காட்டுகிறது. தூரத்தை 0-25, 25-50, 50-100 மீட்டர் எனப் பட்டைகளாகப் பிரித்தோம். எல்லையில் அதே சண்டை. அப்புறம் அளந்த தூரங்களில் ஸ்பீக்கரை ஒளித்து வைத்துப் பழகினோம். சமதரையில் கைவந்தது, சரிவில் மறுபடி குழப்பம். அடுத்த மாதம் உண்மையான கணக்கெடுப்பு. தூரத்தைக் குறைத்து எழுதினால் பறவை அடர்த்தி (ஒரு பரப்பில் எத்தனை பறவை என்ற கணக்கு) ஊதிவிடும் என்பதுதான் பயம்.

சரி, கேள்வி இதுதான்: சரிவான காட்டில், குரலை மட்டும் வைத்துத் தூரம் கணிக்க நீங்கள் எப்படிப் பழகினீர்கள்?