புதுப்பிப்பு: புண்டா அரீனாஸின் கடைக்காரர்கள், ஆட்டுப் பண்ணைகள்

சிலியின் தென்கோடி நகரமான புண்டா அரீனாஸின் பிரவுன், மெனெண்டஸ் குடும்பங்களைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். கடைகளோடு கம்பளிக்காக ஆட்டுப் பண்ணைகளும் நடத்தியவர்கள். அவர்களுடைய இரண்டு போட்டிக் கடைகள் எப்படி ஒன்றாயின என்று கேட்டிருந்தீர்கள். கல்யாணம்தான். 1895-இல் ஹோசே மெனெண்டஸின் மகள் ஹோசெஃபினாவை மௌரிசியோ பிரவுன் மணந்தார். 1908-இல் இரு வீட்டு வியாபாரமும் இணைந்தது. அதுதான் 'லா அனோனிமா'. இன்றும் அர்ஜென்டினாவில் சூப்பர் மார்க்கெட்டுகளாக, பிரவுன் வாரிசுகள் கையிலேயே இருக்கிறது.

அப்புறம், ஒரு திருத்தம். அவர்களுடைய ஆட்டுப் பண்ணைகள் இருந்த இடத்தை 'ஆளில்லாத புல்வெளி' என்று எழுதியிருந்தேன். அது தவறு, மன்னியுங்கள். டியர்ரா டெல் ஃபுவேகோ என்ற அந்தத் தீவு செல்க்னாம் என்ற பூர்வகுடி மக்களின் மண். அவர்கள் குவானாக்கோ என்ற ஒட்டக இன விலங்கை வேட்டையாடி வாழ்ந்த இடத்தில் பண்ணைக்காரர்கள் கம்பி வேலி போட்டு ஆடுகளை விட்டார்கள். பசிக்கு ஆடு பிடித்தவர்களைப் பண்ணையாட்கள் சுட்டுக் கொன்றார்கள். மிஞ்சியவர்களில் பலரை டாசன் தீவில் இருந்த கிறிஸ்தவ மிஷனுக்குக் கப்பலேற்றினார்கள்; அங்கே நோய் கொண்டுபோனது. கம்பளிப் பணத்தின் கதையை இதை விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது.

மௌரிசியோவின் மாளிகை இப்போது அருங்காட்சியகம். அவருடைய அக்கா சாரா பிரவுன் பணம் கொடுத்துக் கட்டிய கல்லறைத் தோட்ட வாசலும் நிற்கிறது. தன் சவ ஊர்வலத்துக்குப் பிறகு நடுக்கதவைத் திறக்கக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டதாக ஊரில் சொல்கிறார்கள்.