புதுப்பிப்பு: நாலு கம்பி பேஸ் கிட்டாரில் கீழ் பி வரை
ஐந்து கம்பி பேஸ் வாங்காமல் கீழ் பி-க்கு (வழக்கமான தடித்த இ கம்பிக்கும் கீழே உள்ள ஸ்வரம்) இறங்க வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன், டிராப் டி (இ கம்பியை மட்டும் டி-க்கு இறக்குவது) போதும் என்று பலர் சொன்னீர்கள். எனக்குப் போதவில்லை. கடைசியில் ஐந்து கம்பி செட் வாங்கி, மெல்லிய ஜி-யை ஒதுக்கிவிட்டு பி, இ, ஏ, டி என்று மாட்டிவிட்டேன். இருக்கிற இ கம்பியையே தளர்த்தினால் சரிவராது, தொளதொளவென்று ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) அடிக்கும். இ-யின் 41 ஹெர்ட்ஸிலிருந்து பி-யின் 31-க்கு இறங்க 0.130 அங்குலம் மாதிரி தடிமன் வேண்டும். அது நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) பள்ளத்தில் உட்காராமல் தூக்கிக்கொண்டு நின்றது, மெல்ல அராவி அகலப்படுத்தினேன் (ஆழமாக்கவில்லை, அது முக்கியம்). அப்புறம் சேடிலை (மறுமுனையில் கம்பியைத் தாங்கும் துண்டு) பின்னால் தள்ளி 12-வது ஃப்ரெட்டில் சுருதி சரிபார்த்தேன். சின்ன ஆம்ப்பில் பி வெறும் உறுமல்தான், ஹெட்ஃபோனில் தெளிவு. ஜி இல்லாத குறை மேல் ஸ்தாயியில் வாசிக்கும்போது நன்றாகவே உறைக்கிறது.