வள்ளி திருமணம் பார்த்தேன்: வள்ளியும் வேலனும் ஒத்திகை பார்த்துத்தான் பேசுகிறார்களா?

காட்பாடி வாசி:
மாசியில் பொன்னையாற்றுப் பக்கம் சொந்தக்காரர் ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் போட்டார்கள். பாரதக் கதையை ஆடிப்பாடி நடத்தும் தெருக்கூத்து பார்த்தே வளர்ந்தவன் நான். தெற்கத்தி நடிகர்களை வரவழைத்து நடத்தும் இந்த இசை நாடகம் எனக்குப் புதுசு. கூத்தில் தோளில் கட்டும் புஜக்கட்டை கிடையாது, அடவு என்கிற ஆட்டமும் கிடையாது. மைக் முன்னால் நின்று விடிய விடிய பாட்டும் பேச்சும்தான்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். கோமாளியாக வரும் பபூனும் டான்ஸ்காரப் பெண்ணும் இரட்டை அர்த்தப் பேச்சிலேயே நடுநிசி வரை ஓட்டிவிட்டார்கள். பக்கத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நெளிய வேண்டியிருந்தது. நாரதர் வந்த பிறகுதான் நாடகம் நிமிர்ந்தது.

அப்புறம் வேலன் வந்தார். மானைத் தேடி வந்த வேடன் என்கிறார். எப்படிப்பட்ட மான் என்று வள்ளி கேட்கிறாள். அவர் கண், கழுத்து, நடை என்று ஒவ்வொன்றாகப் பாட, எல்லாம் அவளையே வர்ணிப்பது கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் புரிந்துவிட்டது. ஆனால் வெட்கப்பட்டுத் தலை குனியவில்லை. கவணைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "அந்த மான் செத்து ஒரு வாரம் ஆச்சு. எலும்பு வேணும்னா பொறுக்கிட்டுப் போங்க" என்றாளே பார்க்கணும்! வேலன் ஒரு நொடி திகைத்து ஆர்மோனியக்காரரைப் பார்த்தார். அவர் சுருதியைப் பிடித்துக்கொண்டே சிரிக்கிறார். உடனே வேலன் அதே சுருதியில், அந்த எலும்புக்கு உயிர் கொடுக்கத்தான் வந்தேன் என்று பாட்டாகவே எடுத்துவிட்டார். பக்கத்திலிருந்த கிழவி, "இன்னா பேச்சு பேசுது பாரு, நம்ப ஊர் பொண்ணாச்சே" என்று பூரித்துப்போனாள். வள்ளி பிறந்த இடம் என்று சொல்லும் வள்ளிமலை அங்கிருந்து கிட்டம். கிழவன் வேஷத்தில் வந்து விக்கல் எடுத்த வேலனை வள்ளி சுனைக்குக் கூட்டிப்போகும் கட்டம் வந்ததும், மலைமேல் இருக்கும் 'சூரியன் காணாத சுனை'யைப் பார்த்து நாலைந்து பேர் கும்பிட்டார்கள்.

கல்யாணம் அஞ்சு நிமிஷத்தில் முடிந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. காதல் முழுக்க அந்தச் சண்டையிலேயே நடந்துவிட்டது.

என் கேள்வி இதுதான். இவர்கள் ஒரே கம்பெனியா? எழுதி மனப்பாடம் செய்ததா, அங்கேயே பேசியதா? புருஷன் பெண்டாட்டியோ என்றுகூடத் தோன்றியது.

செய்யாறு கூத்துப் பிரியன்:
நண்பரே, நம்ம கூத்திலும் காதல் உண்டு. அர்ச்சுனன் சன்னியாசி வேஷத்தில் சுபத்திரையிடம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் நம்மிடம் பெண் வேஷமும் பெரும்பாலும் ஆண்தான் கட்டுவார். காதல் கொஞ்சம் சூடு பிடித்தால் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் புகுந்து கலைத்துவிடுவான். முகவீணை, மத்தளத்தோடு, துரியோதனன் சாகும் படுகளம் ஒன்றைப் பார்த்தவனுக்கு, நின்ற இடத்தில் நின்று பேசும் இந்த நாடகம் சப்பென்றுதான் இருக்கும். என் கட்சி அதுதான்.

புதுக்கோட்டை ரசிகன்:
சப்பென்று இருந்தால் எங்க ஊர்ல விடிய விடிய யாருண்ணே உட்கார்ந்திருப்பா?

காட்பாடி அண்ணனுக்குப் பதில்: ஒரே கம்பெனி இல்லை. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), நாரதர், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக, நாடக நடிகர் சங்கம் இருக்கும் ஊர்களில் போய் புக் செய்வார்கள். ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து இறங்குவார்கள். ஒத்திகை என்பதே கிடையாது. நீங்கள் பார்த்த வள்ளியும் வேலனும் அன்று சாயங்காலம்தான் முதல்முதலாகப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

கதைக்கட்டும் பாட்டுகளும் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) கொடுத்தவை. அது எல்லாருக்கும் பொது. தர்க்கம், அதாவது மேடையில் ஒருவரையொருவர் மடக்கும் பேச்சு, மட்டும் அவரவர் சரக்கு. எதிராளி என்ன கேட்பார் என்று தெரியாது. தெரியாததால்தான் வேலன் திகைத்தார். மாட்டிக்கொண்டவருக்குச் சுருதியும் பின்பாட்டும் கொடுத்து நேரம் வாங்கித் தருவது ஆர்மோனியக்காரர் வேலை. நீங்கள் அதைச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள்.

புருஷன் பெண்டாட்டி என்றீர்களே, அப்படியும் நடந்திருக்கிறது. அந்தக் கால நாடக நட்சத்திரங்கள் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இலங்கையில் ஜோடியாக மேடையேறப் போய்த்தான் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். வேலனும் வள்ளியுமாக அவர்களைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. 1933இல் கிட்டப்பா இறந்தபோது அந்தம்மாவுக்கு 25 வயது. அதன்பிறகு வெள்ளைச் சேலைதான். 1980 வரை இருந்தார், வேறு எந்த ஆணோடும் ஜோடியாக நடிக்கவே இல்லை.

காட்பாடி வாசி:
ஒத்திகையே இல்லாமலா! அப்படியென்றால் அந்த எலும்புப் பேச்சை வேறு ஊரில் பார்த்தாலும் கேட்க முடியாது. விழாக் கமிட்டியில் சொல்லி அடுத்த வருஷமும் கூப்பிடச் சொல்கிறேன். பபூன் நேரத்தை மட்டும் குறைக்கச் சொல்லலாமா?

புதுக்கோட்டை ரசிகன்:
சொல்லுங்கண்ணே, தலையாட்டுவார். மேடைக்கு வந்து ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துகிற ஆட்கள் இருக்கும்வரை இறங்க மாட்டார்.