பொருள்: ‘டவுன் செலக்ஷன்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

கம்பியில்லாத் தொடர்புச் செந்தரங்கள் (ஸ்டாண்டர்டுகள்) உருவாகும் முறை பற்றிய கட்டுரைக்கு ஒரு சொல் வேண்டும். ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பில் வலையமைப்புச் செந்தரங்களை வகுக்கும் 802 பணிக்குழுக்களில் பல முன்மொழிவுகள் வந்தால், ஒவ்வொரு சுற்றிலும் குறைந்த வாக்கு பெற்றதை விலக்கிக்கொண்டே போய் ஒன்றை மட்டும் நிறுத்துவார்கள். இதற்குப் பெயர் டவுன் செலக்ஷன் (down selection). ‘இறுதித்தேர்வு’, ‘வடிகட்டல்’ என்ற இரண்டும் தோன்றின. எது பொருந்தும்?

---

> இறுதித்தேர்வு, வடிகட்டல்

ஐயா, இரண்டும் வேண்டாம். தகுதியில்லாததை முன்கூட்டியே தள்ளுவதுதான் வடிகட்டல். ‘தேர்வு’ இன்னும் சிக்கல், ஏனென்றால் கடைசியில் நிற்கும் முன்மொழிவு தேர்ந்தெடுக்கப்பட்டதே இல்லை. அதற்கு மேல் தனியாக ஒரு வாக்கெடுப்பு உண்டு. அதில் 75 விழுக்காடு வேண்டும். நடுநிலை வாக்குகள் கணக்கில் வராது. 74 பேர் ஆம், 26 பேர் இல்லை என்றால் தோல்விதான். ‘இல்லை’ போட்டவர்கள் காரணம் சொல்வார்கள், முன்மொழிந்தவர்கள் பதில் தருவார்கள், மறுபடி வாக்கு. அப்போதும் எட்டாவிட்டால், முன்பு விலக்கியது திரும்ப உள்ளே வந்துவிடும்.

அருகருகே உள்ள கருவிகளுக்கு இடையே அதிவேகத் தொடர்புக்கான 802.15.3ஏ பணிக்குழு இந்தச் சுழலில்தான் மாட்டியது. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்காணையமான எஃப்.சி.சி. 2002 பிப்ரவரியில் 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை அதியகலப்பட்டைக்கு, அதாவது மிக அகன்ற அலைவரிசையில் சைகையைப் பரப்பும் முறைக்கு, திறந்துவிட்டது. பணிக்குழுவின் இலக்கு 10 மீட்டரில் நொடிக்கு 110 மெகாபிட், 4 மீட்டரில் 200 மெகாபிட். வந்த 23 முன்மொழிவுகள் இரண்டாகச் சுருங்கின. அதுவரை நீக்கும் முறை நன்றாகவே வேலை செய்தது. அதன் பிறகுதான் நகரவில்லை.

காரணம் பிடிவாதம் மட்டுமல்ல, மின்சுற்றிலும் இருக்கிறது. ஒரு தரப்பு, 528 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளுக்குள் 128 துணைச்சுமப்பிகளை (தரவைப் பகிர்ந்து சுமக்கும் அலைகளை) வைத்து, 312.5 நானோநொடிக்கு ஒருமுறை பட்டை விட்டுப் பட்டை தாவியது. மறு தரப்பு, குறுந்துடிப்புகளை ஒரு கிகாஹெர்ட்ஸுக்கும் மேலான அகலத்தில் நேரடியாகப் பரப்பியது. முன்னதன் ஏற்பிக்கு அந்த அலைகளைப் பிரித்தெடுக்கும் ஃபூரியே உருமாற்றி வேண்டும், பின்னதற்குத் துடிப்பின் வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் ஒப்பீட்டுச் சுற்றுகள். பாதியை இங்கே, பாதியை அங்கே எடுத்து ஒட்ட வழியில்லை. இரண்டையும் வைத்தால் ஒரே சில்லுக்குள் இரண்டு வானொலி.

கருவியின் அலைபரப்புத் திறனை எஃப்.சி.சி. விதிப்படி அளப்பதிலும் தகராறு வந்தது. தாவலை நிறுத்திவைத்துத்தான் திறனை அளக்க வேண்டும் என்றால், மூன்று பட்டைகளில் தாவும் கருவி தன் திறனை மூன்றில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். இது சுமார் 4.8 டெசிபெல் இழப்பு. திறந்தவெளிக் கணக்கில் எட்டும் தூரம் பாதிக்குச் சற்று மேல்தான் தேறும். 2005 மார்ச்சில் எஃப்.சி.சி. விலக்களித்து அதைத் தீர்த்தது. ஆனாலும் வாக்குகள் இடம் மாறவில்லை. இரு வகைக் கருவிகளும் ஒன்றையொன்று கேட்க மெதுவான பொதுச் சைகைமுறை ஒன்றும் முன்வைக்கப்பட்டது. எனக்கு அது நியாயமான நடுவழியாகவே படுகிறது. ஆனால் மெதுவான சைகை வான்நேரத்தைத் தின்னும், கூடுதல் சுற்றும் வேண்டும். அதுவும் தேறவில்லை. 2006 ஜனவரி 19 அன்று, திட்டத்தையே திரும்பப் பெறும்படி பணிக்குழு வாக்களித்தது. தாவும் முறை அதற்கு முந்தைய மாதமே எக்மா என்ற வேறொரு செந்தர அமைப்பின் வழியாக எக்மா 368 என்ற செந்தரமாகிவிட்டிருந்தது.

ஆகவே டவுன் செலக்ஷனை ‘கழிப்புச் சுற்று’ என்று வைக்கலாம். அதற்கு அடுத்து வரும் 75 விழுக்காட்டு வாக்கெடுப்புக்கு ‘ஏற்புறுதி வாக்கு’.

---

‘கழிப்பு’ என்றதும் கழிப்பறைதான் நினைவுக்கு வரும், மாணவர்கள் சிரிப்பார்கள். ‘விலக்குச் சுற்று’ என்றால் வரிவிலக்குப் பொருள் ஒட்டிக்கொள்ளும். மேலே உள்ள மடலிலேயே ‘விலக்களித்து’ என்று வந்திருக்கிறதே. ‘நீக்கச் சுற்று’ போதும். ‘ஏற்புறுதி வாக்கு’ அருமை, அப்படியே வைத்துக்கொள்வோம்.

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். ஏற்புறுதியில் தோற்றால் எல்லாம் முடிந்தது என்று கட்டுரை சொல்லிவிடக் கூடாது. வைஃபைக்கான 802.11என் செந்தரத்துக்கு வந்த முன்மொழிவு 2005 மே மாதம் அதே இடத்தில்தான் தோற்றது. ஆனால் அங்கே இரு அணிகளும் பல அலைவாங்கிகளோடு ஒரே வகைத் துணைச்சுமப்பி முறையைத்தான் வைத்திருந்தன. 40 மெகாஹெர்ட்ஸ் வாய்க்கால் கட்டாயமா, விருப்பமா என்பது போன்ற வேறுபாடுகள்தான். ‘விருப்பத்தேர்வு’ என்று எழுதி ஒட்டிவிட முடிந்தது. ஹவாயில் 15.3ஏ கலைந்த அதே வாரம், அதே கூட்டத்தொடரில், அவர்களின் கூட்டு முன்மொழிவு ஏற்கப்பட்டது. இதற்கு ‘இணைப்பு முன்மொழிவு’ என்று தனிச்சொல் வேண்டும்.

---

நீக்கச் சுற்று, ஏற்புறுதி வாக்கு, இணைப்பு முன்மொழிவு: மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். நீக்கியது திரும்ப வருவதை ‘மீள்நுழைவு’ என்று எழுதப் போகிறேன். விண்கலம் வளிமண்டலத்துக்குள் திரும்புவதற்கும் இதே சொல் உண்டு. இடத்தை வைத்துப் பொருள் புரியும் என்று நினைக்கிறேன். குழப்பும் என்றால் சொல்லுங்கள், ‘மறுசேர்ப்பு’ என மாற்றிவிடலாம்.