பழைய வேனுக்கு வீட்டிலேயே சஸ்பென்ஷன் மாற்றிய அனுபவம்

சரக்கு ஏற்றினால் என் வேன் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும். பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஆட்டம் அடங்கவே நேரமாகும். அதனால் ஒரிஜினலைவிடக் கொஞ்சம் கடினமான ஷாக் அப்சார்பர்களும், பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கில் (எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) சேர்க்க ஒரு கூடுதல் பட்டையும் வாங்கி நானே மாட்டினேன்.

புதியதை மாட்டுவது சுலபம், பழையதைக் கழற்றுவதுதான் வேலையே. முந்தைய இரவே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்திருந்தேன். அப்படியும் ஷாக்கின் கீழ் போல்ட் ஒன்று, நட் கழன்ற பிறகும் புஷ்ஷின் (மூட்டில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளை) உள்குழாயோடு துருப்பிடித்து அசையவில்லை. கடைசியில் அறுத்துத்தான் எடுத்தேன். மாற்று போல்ட்டுகளை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். வண்டியின் அடிச்சட்டமான சேஸியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலுக்கு மட்டும் தனியாக ஜாக்கி கொடுத்தேன். இல்லையென்றால் ஷாக்கைக் கழற்றியதும் ஆக்சில் கீழே தொங்கி பிரேக் ஹோஸை இழுக்கும். ஜாக்கியை ஏற்றி இறக்கித் துளைகளை நேராக்கவும் இது உதவுகிறது. வாயு அடைத்த கேஸ் ஷாக்கில் கட்டியிருக்கும் பட்டியை வெட்டினால் தண்டு தானாக நீளும், அதனால் மேல்முனையை மாட்டிய பிறகு வெட்டுவது நல்லது.

பட்டை சேர்க்கும்போது, ஸ்பிரிங் அடுக்கை இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகே, பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டைத் தொட வேண்டும். பட்டைகள் விறைப்பில் இருக்கும், விட்டால் தெறிக்கும். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடித்திருக்கும் பழைய யு போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். இறுக்கும்போது அது நீண்டிருக்கும், மறுபடி அதே பிடி கிடைக்காது. புதியதைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து ஒருமுறை பாருங்கள்.

லோடு ஏற்றினால் இப்போது வண்டி நேராக நிற்கிறது. காலியாக ஓட்டினால் முன்பைவிட முதுகு அதிகம் குலுங்குகிறது, பொய் சொல்ல மாட்டேன்.

*

உங்களைப் போல ஷாக், பட்டை எல்லாம் இல்லை, என் வண்டியில் நான் மாற்றியது புஷ்கள் மட்டும். ரப்பர் புஷ் என்றால், சக்கரம் தரையில் இருந்து வண்டியின் எடை முழுதும் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு அப்படியே நிற்கும், சீக்கிரமே கிழியும். பாலியூரித்தேன் என்ற கடினமான பிளாஸ்டிக் வகை புஷ்ஷில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, ஆனால் கிரீஸ் குறைந்தால் கீச்சென்று கத்தும். எனக்கு ரப்பரே போதும். அப்புறம், முன்பக்கத்தைத் தொட்டிருந்தால் வீல் அலைன்மெண்ட் கட்டாயம்.

*

நானும் பட்டை சேர்த்தவன்தான். பட்டை சேர்ப்பவர்கள் பிரேக்கையும் பார்க்க வேண்டும். பல வேன்களில் பின் ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைந்த லோடு சென்சிங் வால்வு இருக்கும். பின்பக்கம் தாழ்ந்தால் சரக்கு இருக்கிறதென்று பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். பட்டையால் உயரம் கூடிவிட்டால், முழு லோடிலும் பாதி காலி என்றே அது எடுத்துக்கொள்ளும், பின் பிரேக் குறையும். என் வேனில் அந்தக் கம்பியைப் புது உயரத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருந்தது. அதை மட்டும் நான் செய்யாமல், அழுத்தம் அளக்கும் கருவி இருக்கும் பிரேக் மெக்கானிக்கிடம் விட்டுவிட்டேன்.