செட்ஜ் வெட்லேண்டுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம்.

உயர்நிலை இரண்டாம் வகுப்பு மாணவர்களைச் சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்துக்கு அழைத்துப் போகிறோம். பயிற்றுத்தாளின் கடைசிப் பகுதி, வட ஆஸ்திரேலியாவின் காக்கடு போன்ற வெப்பமண்டலக் கடலோர ஈரநிலங்களைப் பற்றியது. அதில் வரும் ‘செட்ஜ் வெட்லேண்ட்’ (sedge wetland) என்பதற்குப் பழைய தாளில் யாரோ ‘புல்வெளிச் சதுப்பு’ என்று போட்டிருக்கிறார். செட்ஜ் பார்க்கப் புல் போல இருந்தாலும் அது புல் இல்லையே! வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.
— ஈசூன் ஆசிரியை

அம்மா, ‘கோரை’ இருக்கும்போது தேடுவானேன்? பத்தமடைப் பாயில் படுத்து வளர்ந்தவன் நான். ஆனால் கடலோரம் என்கிறீர்கள், அதனால் கொஞ்சம் உள்ளே போவோம். ஐங்குறுநூற்றின் நெய்தல் பாட்டில் ‘பைஞ்சாய்ப் பாவை’ வருகிறது, கோரையில் செய்த பொம்மை. சாய் கோரையில் ஒரு வகை. காற்றுக்குச் சாய்வதால் சாய் என்பது என் கணக்கு. சாயல், சாய்வு, சாய்கால் எல்லாவற்றையும் இதனோடு முடிச்சுப் போடலாம், தனி மடலில் எழுதுகிறேன். அதே பாட்டில் கழியும் இருக்கிறது, ஓதம் ஏறி இறங்கும் உப்பங்கழி. ஆக, ‘சாய்க்கழி’. நிலமும் பொருந்துகிறது, சொற்புணர்ச்சியும் பொருந்துகிறது.
— பிடோக் பெரியவர்

ஐயா மன்னிக்க வேண்டும். வேகமாகப் படித்தபோது எனக்குச் ‘சாயக்கழிவு’ என்றே விழுந்தது. திருப்பூர் ஞாபகம் வந்துவிட்டது. மகளிடம் கழி என்றால் என்ன என்று கேட்டேன். “கழிவறையாப்பா?” என்றாள். பலகையில் எழுதி வைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். ‘கோரை ஈரநிலம்’ போதும். சதுப்பு வேண்டாம், அந்தச் சொல்லைக் கேட்டாலே இங்கே பிள்ளைகள் கண்டல் (மாங்குரோவ்) காட்டைத்தான் நினைப்பார்கள்.
— ஜூரோங் மொழிபெயர்ப்பாளர்

தாவரம் தெரிந்தவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. போன முறை ஒருவர் ‘முப்பட்டைப் புல்’ என்றார். கோரைத் தண்டை விரல்களுக்கு இடையில் உருட்டினால் மூன்று விளிம்பும் தட்டும், உண்மைதான். ஆனால் காக்கடுவில் வளரும் எலியோக்காரிஸ் என்ற கோரை இனத்தின் தண்டு உருண்டை. அழுத்தினால் உள்ளே குறுக்குத் தடுப்புகள் பட்பட்டென்று உடையும். ஈரச்சந்தையில் வாட்டர் செஸ்ட்நட் என்று விற்கிறார்களே, கறுப்புத் தோலை உரித்தால் வெள்ளையாக, கடித்தால் மொறுமொறுவென்று? அதன் குடும்பம்தான், கோரைக்கிழங்குக்கு ஒன்றுவிட்ட தம்பி. காக்கடுவில் மேக்பை கூஸ் என்ற நீர்ப்பறவைகள் இந்த இனத்தின் கிழங்கைத் தோண்டித் தின்றுதான் வறண்ட மாதங்களைத் தாண்டுகின்றன.

‘புல்’ என்று எழுதவே கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே எருமைகள் நடந்து நடந்து பள்ளம் விழுந்து, அதன் வழியாகக் கடல்நீர் நன்னீருக்குள் ஏறியது. 1980களில் எருமைகளைப் பெரிய அளவில் குறைத்தார்கள். அப்புறம் என்ன ஆயிற்று? எருமை மேய்ந்து அடக்கி வைத்திருந்த ‘பாரா’ என்ற தீவனப் புல் பரவிக் கோரையை மூடத் தொடங்கியது. பராமரிப்பு என்றால் அங்கே பாதி வேலை புல்லோடு சண்டைதான். ‘புல்வெளிச் சதுப்பு’ என்றால் எதிரியின் பெயரையே வைத்த மாதிரி.

‘கோரைச் சதுப்பு’ என்பேன். கண்டல் குழப்பம் வரும்தான், முதல் பத்தியில் ஒரு வரி சேர்த்துவிட்டால் சரி.
— தோட்டக்காரன்

அனைவருக்கும் நன்றி. நேரம் இல்லை, தலைப்பில் ‘கடலோரக் கோரைச் சதுப்பு’ என்று போட்டுவிட்டேன். எட்டு மடலில் ஐந்து பேர் ஆதரவு, அவர்களிலும் இரண்டு பேர் “பரவாயில்லை” என்றுதான் எழுதியிருக்கிறார்கள். இன்னொரு சந்தேகம்: சுங்கை பூலோ பழைய இறால் குளங்களில் வெளிநாட்டுப் பறவைகளுக்காக நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கதவு இருக்கிறதே, அதை ‘மதகு’ என்று எழுதினால் புரியுமா? முந்தைய வகுப்பில் ஒரு பையன் “மது விற்கிற இடமா?” என்று கேட்டான்.
— ஈசூன் ஆசிரியை

மதகு புரியாதவனுக்குக் கோரை மட்டும் எப்படிப் புரியும்? சாய்க்கழியை அடிக்குறிப்பிலாவது போடுங்கள்.
— பிடோக் பெரியவர்