தாழ்வாரத்துச் செடிக்கு வெயில் எந்தப் பக்கம் வருது?

சிங்கப்பூர்ல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்துல செடி வைக்கணும்னா நர்சரிக்குப் போறதுக்கு முன்னாடி அளவு டேப்பை எடுங்க. ஆள் நடமாட 1.2 மீட்டர் காலியா இருக்கணும், அது தீப்பாதுகாப்பு விதி. தாழ்வாரம் 1.6 மீட்டர்னா உங்க பங்கு 40 சென்டிமீட்டர். வெளியே நீட்டுற இலையும் அதுக்குள்ளதான் அடங்கணும். 20 சென்டிமீட்டர் அகலத்து நீளத் தொட்டி இதுக்குத் தோது.

அப்புறம் திசை. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சூரியன் நமக்கு வடக்கே, அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தெற்கே. வடக்குப் பார்த்த தாழ்வாரத்துல ஜூன்ல தளதளன்னு நின்ன கறிவேப்பிலை டிசம்பர்ல சோர்ந்தா உடனே மருந்தைத் தூக்காதீங்க. அதுக்கு வெயில் இல்ல, தண்ணியைப் பாதியாக் குறைச்சாப் போதும். நிழலும் மழையுமா இருக்கும்போது பழைய அளவே ஊத்தினா வேர் அழுகிடும். அந்த மாதிரி இடத்துல வெற்றிலையும் பாண்டானும் (ரம்பை இலை) பேசாம வளரும்.

---

அண்ணே, கைப்பிடிச் சுவரை விட்டுட்டீங்களே! அதோட நிழல் தரையிலதான் விழும். தரையில வச்ச துளசி கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு, நெட்டையா, வெளிறிப்போய் வளருதுன்னா காரணம் அதுதான். 60 சென்டிமீட்டர் ஸ்டாண்டுல ஏத்துங்க. ஆனா சுவர் மேல மட்டும் வேண்டவே வேண்டாம், கீழே ஆள் நடக்கிற இடம்.

மண்ணு: தென்னை நார்த்தூள் 2 பங்கு, பெர்லைட் (மண்ணை இளக்கமா வைக்கிற லேசான வெள்ளைக் குருணை) 1, மக்கிய உரம் 1. நார்த்தூளை ரெண்டு தடவை அலசிப் பிழிஞ்சுக்கணும், இல்லேன்னா அதுல இருக்கிற உப்பு இலை நுனியைக் கருக்கிடும். வெறும் தோட்ட மண்ணு தினம் தண்ணி பட்டுப் பட்டு களிமண் மாதிரி இறுகிடும், வேருக்குக் காத்தே போகாது.

---

அக்கா சொன்ன அந்த இறுகின மண்ணு டெங்கிக்கும் வழி. மேல்பக்கம் குழி விழுந்து தண்ணி தேங்கும், அதனால வாரம் ஒருக்கா குச்சியால கிளறி விடுங்க. தொட்டித் தட்டுத் தண்ணியைக் கொட்டினா மட்டும் பத்தாது. டெங்கியைப் பரப்புற ஏடிஸ் கொசுவோட முட்டை தட்டோட ஓரத்துல ஒட்டிக்கிட்டு, காய்ஞ்சாலும் மாசக்கணக்கா உசுரோட இருக்கும். பிரஷ் போட்டுத் தேய்க்கணும். தட்டே இல்லாம வைக்க முடிஞ்சா இன்னும் நல்லது, ஆனா அழுக்குத் தண்ணி பக்கத்து வீட்டு வாசலுக்கு ஓடாம பார்த்துக்குங்க.